கடைக்கு போர்டு எழுதணும்: க்யூவா, வரிசையா, லைனா?

ஜெராக்ஸ்கடை

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வைத்திருக்கிறேன். எட்டுக்குப் பத்து இடம். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று ஒரே கூட்டம்.

நேற்று சாயங்காலம் ஒருவர் நாற்காலியில் அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் நேராக வந்து டேபிளில் ஆதார் கார்டை வைத்து, "ஒரே ஒரு ஜெராக்ஸ்தான் அண்ணே" என்றார். உட்கார்ந்திருந்தவர், "இங்க க்யூவுல ஆள் இருக்குது, தெரியல?" என்றார். வந்தவர் விடவில்லை. "இன்னாப்பா, குந்திக்கினு இருந்தா அதுக்குப் பேரு க்யூவா? நின்னாதான க்யூ?" அப்புறம் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

சரி, ஒரு போர்டு மாட்டிவிடலாம் என்று ஸ்டிக்கர் வெட்டுகிறவரிடம் போனேன். "க்யூவில் வரவும்னு போடவா, வரிசையில் வரவும்னு போடவா, லைனில் வரவும்னு போடவா?" என்கிறார். ஏழாவது படிக்கும் என் பொண்ணு, இங்கிலீஷில் போட்டால் அஞ்சு எழுத்துப்பா, ஆனா முதல் எழுத்து மட்டும்தான் வேலை செய்யும், மீதி நாலும் பின்னாடி சும்மா நிக்கும் என்கிறாள்.

உட்கார்ந்திருப்பவர் க்யூவில் இருக்கிறாரா இல்லையா? அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் அர்த்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒற்றியூர் வாத்தியார்

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'வரிசை' என்று நல்ல தமிழ்ச் சொல் கையில் இருக்கும்போது பிறமொழிச் சொல் எதற்கு? அரசு அலுவலகங்களில் எல்லாம் 'வரிசையில் வரவும்' என்றுதான் எழுதியிருக்கும். எழுதத்தான் வேண்டுமென்றால் தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. 'க்யூ' தவறு, 'கியூ' என்று எழுத வேண்டும்.

வாசல்படி

வாத்தியார் ஐயா, 'வரிசையில் வரவும்' என்று எழுதியிருக்கிற இடத்தில் எவன் வரிசையில் வந்தான்? "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று சொல்லி வளர்த்த ஊர் இது. கல்யாண மண்டபத்தில் பாருங்கள், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் நாற்காலியின் பின்னால் ஒரு கையை வைத்துக்கொண்டு, அவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா மோருக்கு வந்துவிட்டாரா என்று இலையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இது க்யூவா வரிசையா? இரண்டும் இல்லை. முதலில் அதற்கு ஒரு பேர் கண்டுபிடியுங்கள்.

கப்பல்காரன்

ராயபுரம்காரன். முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்கட்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

க்யூ என்பது இங்கிலீஷ்காரனுக்கே சொந்தச் சொல் இல்லை. பிரெஞ்சுக்காரனிடம் வாங்கியது. பிரெஞ்சில் அதற்கு அர்த்தம் வால். மாட்டு வால், எலி வால், அதே வால்தான். அவனுக்கு அது லத்தீனிலிருந்து வந்தது. ஸ்பானிஷ்காரன் வாலையும் க்யூவையும் 'கோலா' என்ற ஒரே சொல்லால்தான் சொல்வான். ஜெர்மன்காரனுக்கு வால் மட்டும் போதவில்லை. முழுப் பாம்பே வேண்டும். 'ஷ்லாங்க' என்பான். பாம்புக்கும் அதுதான், க்யூவுக்கும் அதுதான்.

இங்கிலீஷில் இந்தச் சொல் முதலில் ஆள் வரிசையைக் குறிக்கவில்லை. ஆம்பிளைகள் பின்னந்தலையில் முடியைக் கட்டித் தொங்கவிட்டார்களே, அந்தச் சடைக்குத்தான் க்யூ என்று பேர். 1837-ல் தாமஸ் கார்லைல் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதியபோது, பாரிஸில் ரொட்டிக் கடை வாசலில் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றதைச் சொல்ல இந்தச் சொல்லைப் போட்டார். அதாவது ரேஷன் கடை மாதிரி ஒரு இடத்தில்தான் அது ஆள் வரிசை ஆனது. நம்ம ஏரியாவுக்குப் பொருந்துகிற சொல்தான்.

அமெரிக்காக்காரன் க்யூ என்று அவ்வளவாகச் சொல்ல மாட்டான், 'லைன்' என்பான். நம்ம ஆளுங்க இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். பில்லியர்ட்ஸ் ஆடுகிற கம்புக்கும் இதே உச்சரிப்பில் ஒரு பேர் உண்டு. எழுத்து மட்டும் வேறு. அதுவும் இந்த வால் குடும்பம்தான்.

கொருக்குப்பேட்டை குடம்

கப்பல்கார அண்ணனுக்கு நன்றி. வால்னு இத்தனை நாள் தெரியாமலே அதில் நின்றிருக்கிறேன்.

ஜெராக்ஸ்கடை அண்ணா, நின்றால்தான் க்யூவா என்று கேட்டவரை எங்க தெருவுக்கு அனுப்புங்கள். எங்க தெரு க்யூவில் ஆளே நிற்காது. குடம்தான் நிற்கும்.

2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் வந்த வருஷம். ஜூலை 12-ம் தேதி முதல் ரயில், 25 லட்சம் லிட்டர். டிவியில் பூஜை எல்லாம் காட்டினார்கள். எங்களுக்கு அப்போது லாரித் தண்ணீர்தான். தெருமுனையில் ஒரு கறுப்பு டேங்க், லாரி வந்து அதில் ஊற்றிவிட்டுப் போகும். எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. ராத்திரி பதினொன்றும் உண்டு, விடியற்காலை நாலும் உண்டு.

அதற்காக ராத்திரி முழுக்க நிற்க முடியுமா? அதனால் சாயங்காலமே குடத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவோம். பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று டேங்கிலிருந்து டீக்கடை வரைக்கும் பிளாஸ்டிக் குடமாக நிற்கும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் கழுத்துக்குக் கீழே நெயில் பாலிஷில் வீட்டு நம்பர் எழுதியிருப்போம். என்னுடையது 14, சிவப்பு. லாரி ஹாரன் கேட்டதும் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். அவரவர் அவரவர் குடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்போம். ஒரு ஆள் பிடித்து முடித்ததும் பின்னாடி இருக்கிறவங்க குனியக்கூட மாட்டாங்க, காலாலேயே குடத்தை ஒரு தள்ளு. டொக் டொக் டொக் என்று கடைசி வரைக்கும் சத்தம் போகும். அந்தச் சத்தத்தை வைத்தே க்யூ எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடலாம்.

சட்டமும் உண்டு. ஓட்டைக் குடத்தை இடத்துக்கு வைக்கக் கூடாது. ஏன் என்றால், வீட்டில் நல்ல குடத்தை எல்லாம் புழக்கத்துக்கு வைத்துக்கொண்டு, கீறல் விட்ட குடத்தை நாலு இடத்தில் போட்டு வைப்பவர்கள் இருந்தார்கள். லாரி வந்ததும் ஓட்டையை எடுத்துவிட்டு நல்லதை வைப்பார்கள். ஒரு பெரியம்மா ஒவ்வொரு குடத்தையும் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாங்க. ஓட்டை தெரிந்தால் குடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பறக்கும். ஒருத்தரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க.

2020-ல் ரேஷன் கடை வாசலில் வட்டம் போட்டார்களே, அப்போதும் அதே கதைதான். வட்டத்துக்குள் செருப்பு நிற்கும், ஆள் எதிரே மர நிழலில் நிற்பார். கிருஷ்ணாயில் கொடுத்த காலத்தில் எங்கம்மா கேனை வைத்துவிட்டு வந்து சமைப்பாங்க. அதனால் என் கணக்கில் உங்க நாற்காலிக்காரர் க்யூவில்தான் இருந்தார். அவராவது முழு ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறார்.

வாசல்படி

அக்கா, அந்தப் பெரியம்மாவை ஒரு வாரம் ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டருக்கு அனுப்பி வைக்க முடியுமா?

டிரெய்லர் வண்டி

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் கன்டெய்னர் ஓட்டுறேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஹார்பருக்குப் போற லைன் நின்னுச்சுன்னா நாங்க வண்டியிலயே தூங்குவோம், வண்டி ஓரமாவே அடுப்பு மூட்டி சோறாக்குவோம். க்யூன்னு நாங்க சொல்றதில்ல, லைன்னுதான் சொல்லுவோம். "லைன் எங்க நிக்குது?"ன்னு போன்ல கேட்டா, கடைசி வண்டி எந்த இடத்துல நிக்குதுன்னு பதில் வரும். திருவொற்றியூர் தேரடின்னோ எர்ணாவூர்னோ. முதல் வண்டி எங்கன்னு எவனும் கேக்க மாட்டான். அது கேட்லதான் இருக்கும், அதுல என்ன கேக்க இருக்கு.

கப்பல்கார அண்ணன் வால்னு சொன்னதும் எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ராத்திரி லைன்ல நிக்கும்போது முன்னாடி வண்டியோட பின்லைட்டைத்தான் பாத்துக்கிட்டே இருக்கணும். சிவப்பு ரெண்டும் கொஞ்சம் தள்ளிப் போனா நாம எடுக்கணும். கண்ணு அசந்து பத்தடி இடம் விட்டா போச்சு, பக்கத்துல இருந்து ஒருத்தன் மூக்கை நுழைச்சிருவான். அப்புறம் கூட்டாளியோட ஹாரனும் வசவும்தான்.

நிரல்பையன்

பெரம்பூர். பகலில் ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் வேலை. எங்கள் தொழிலில் க்யூ என்றால் ரொம்ப நுணுக்கமான அர்த்தம்: முதலில் வந்தது முதலில் போகும். அவ்வளவுதான். நிற்கிறதா உட்கார்ந்திருக்கிறதா என்பது கணக்கில் வராது. இதற்கு எதிர்ப்பதம் 'ஸ்டாக்', இட்லித் தட்டு அடுக்குவது மாதிரி. கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். குடம் வைத்தால் க்யூ, தட்டு வைத்தால் ஸ்டாக்.

ஜெராக்ஸ்கடை அண்ணே, உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு க்யூ இருக்கிறது. பிரின்ட் கொடுத்ததும் ஃபைல் அதில்தான் போய் நிற்கும். முன்னால் ஒரு ஃபைல் சிக்கிக்கொண்டால் பின்னால் இருக்கிற எதுவும் வராது. நாம் பொறுமை இல்லாமல் பிரின்ட், பிரின்ட் என்று அஞ்சு தடவை அழுத்துவோம். அப்புறம் சிக்கல் விட்டதும் ஒரே பக்கம் அஞ்சு காப்பி வந்து விழும்.

க்யூவைப் பற்றிய கணக்கு டெலிபோனில்தான் ஆரம்பித்தது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், அழைப்புகள் எப்படி வந்து சேர்கின்றன என்று 1909-லேயே கணக்குப் போட்டு எழுதினார். அப்புறம் 1961-ல் ஜான் லிட்டில் என்பவர் ஒரு எளிய விதியை நிரூபித்தார். மணிக்கு எத்தனை பேர் வருகிறார்களோ, அதை ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் இருக்கிறாரோ அதால் பெருக்கினால், எந்த நேரத்திலும் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்று வந்துவிடும். உங்கள் கடைக்கு மணிக்கு 12 பேர் வந்து, ஒவ்வொருவரும் 20 நிமிடம் இருந்தால் 4 பேர். உங்களிடம் 4 நாற்காலி. சர்வர் மெதுவாகி அரை மணி நேரம் ஆனால் 6 பேர். அதாவது ரெண்டு பேர் நிற்பார்கள், அங்கேதான் சண்டை.

இன்னொன்று, "ஒரே ஒரு ஜெராக்ஸ்" என்பவரை முதலில் விட்டால் எல்லோருடைய சராசரிக் காத்திருப்பு நேரமும் குறையும். சின்ன வேலையை முதலில் முடி என்பது எங்கள் ஆட்களும் கையாளுகிற முறைதான். கஷ்டம் என்னவென்றால், ஒரு ஜெராக்ஸ் ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் பெரிய அப்ளிகேஷனோடு வந்தவர் சாயங்காலம் வரை உட்கார வேண்டியதுதான்.

ஜெராக்ஸ்கடை

தம்பி, அந்த 4 நாற்காலிக் கணக்கு அப்படியே சரி. நெட் மெதுவாகிற நாளில்தான் சண்டை வருகிறது. நான் வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு ஜெராக்ஸ்காரரை முதலில் விடுவது என்று வைத்துக்கொண்டால், அவர் மூடியைத் திறந்ததும் "அப்படியே பின்பக்கமும் அண்ணே" என்பார். அப்புறம் "இந்த ரேஷன் கார்டும்." அப்புறம் "வீட்ல ஒரு செட் இருக்கட்டும்." கணக்கில் இதற்கு இடம் இருக்கிறதா?

நிரல்பையன்

இல்லை அண்ணே. கணக்கு எழுதினவர் தண்டையார்பேட்டை வந்ததில்லை.

ஒற்றியூர் வாத்தியார்

நேற்று கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இரவு உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று உறைத்தது.

'வரிசை' என்பதற்குப் பழைய பொருள் இன்று நாம் நினைப்பது இல்லை. குறளில் சுற்றந்தழால் அதிகாரத்தில் 'வரிசையா நோக்கின்' என்று வருகிறது. அரசன் எல்லோரையும் ஒரே மாதிரி பொதுவாகப் பார்க்காமல், அவரவர் தகுதிக்குத் தக்கபடி பார்த்தால் என்று பொருள். புறநானூற்றில் கபிலர், வாரிக் கொடுப்பது எளிது, வரிசை அறிவதுதான் அரிது என்கிறார். அங்கேயும் தகுதி, தரம்தான். சீர்வரிசை, கோயிலில் வரிசை மரியாதை என்று நாம் இன்றும் சொல்வதில் அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் முதலில் வந்தார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யார் பெரியவர் என்பதுதான் அது.

க்யூ அதற்கு நேர் எதிர். யார் பெரியவர் என்று பார்க்காது, யார் முன்னால் வந்தார் என்று மட்டும் பார்க்கும். அந்த அளவில் 'க்யூ' என்று மக்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். எழுதும்போது 'கியூ' என்பதில் மட்டும் மாற்றமில்லை.

க்யூவில் நமக்கு வருவதைத் தமிழில் 'முறை' என்றும் சொல்வோம், "என் முறை வந்தது" என்று. அதே சொல் உறவுக்கும் உண்டு: முறைப்பெண், முறைமாமன். என் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் சொன்னார், அவர்கள் மொழியில் 'வருச' என்றால் வரிசையும்தான், உறவுமுறையும்தான் என்று. இரண்டு மொழியிலும் வரிசைக்குள் சொந்தக்காரன் புகுந்துவிட்டான்.

வாசல்படி

அதான் ஐயா, ரேஷன் கடையில் பின்னாடி வழியாக அரிசி வாங்கிக்கொண்டு போகிறவரைக் கேட்டால் "நமக்கு மாமா முறை" என்கிறார். சொல் சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். உங்கள் ஊர்க் கோயிலில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் திறப்பார்களே, அப்போது சன்னிதித் தெருவைத் தாண்டி ஜனம் நிற்கும். தர்ம தரிசனத்துக்கு ஒன்று, காசு கொடுத்தவர்களுக்கு ஒன்று. ரெண்டுமே க்யூவா?

ஒற்றியூர் வாத்தியார்

தர்ம தரிசனம் கியூ. காசு கொடுத்துப் போவது பழைய பொருளில் வரிசை.

கொருக்குப்பேட்டை குடம்

ஐயா, இதை எழுதி ஃப்ரேம் போட்டு மாட்டலாம். திருப்பதியில் கம்பார்ட்மென்ட்டுக்குள் பதினாறு மணி நேரம் அடைத்து வைத்தபோது எனக்கு இது தெரிந்திருந்தால் மனசாவது ஆறியிருக்கும்.

கப்பல்காரன்

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். கியூபாவில் ஹவானாவில் இறங்கினபோது ரொட்டி வாங்கப் போனேன். கடை வாசலில் ஒரு இருபது பேர். ஒருத்தன் திண்ணையில், ஒருத்தி மரத்தடியில், ரெண்டு பேர் எதிர்ப்பக்கம் பேசிக்கொண்டு. க்யூவே இல்லை என்று நினைத்து நேராகக் கடைக்குப் போனேன். அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அப்புறம் ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தார். வந்ததும் "உல்தீமோ?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். கடைசி யார் என்று அர்த்தம். ஒருவர் கை தூக்குவார். அவர் முகத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இனிமேல் கடைசி நீங்கள். அடுத்து வருகிறவன் கேட்டால் நீங்கள் கை தூக்க வேண்டும். இருபது பேரும் கண்டபடி நின்றிருந்தாலும் கோட்டில் நிற்கிற மாதிரிதான்.

நம்ம ஊர் ஆஸ்பத்திரி பெஞ்சிலும் பார்த்திருக்கிறேன், "யாரும்மா கடைசி?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். டிரெய்லர் தம்பி போனில் கேட்கிறதும் அதேதான். வால் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஜெராக்ஸ்கடை

அண்ணே, இதுதான் எனக்கு வேண்டியது. எட்டுக்குப் பத்தில் கோடு போட்டு நிறுத்த எங்கே இடம்? ஸ்டிக்கர்காரரிடம் போய்விட்டு வந்துவிட்டேன். க்யூவும் இல்லை, வரிசையும் இல்லை, லைனும் இல்லை. மஞ்சளில் கறுப்பு எழுத்து:

'கடைசி யார் என்று கேட்டு உட்காரவும்.'

கீழே சின்ன எழுத்தில், 'ஒரு ஜெராக்ஸ் என்றால் ஒரு ஜெராக்ஸ்தான்.' பொண்ணு சொன்னது, அவள் திருப்திக்கு.

இன்று காலை மாட்டினேன். முதல் ஒரு மணி நேரம் யாரும் படிக்கவில்லை. அப்புறம் பூக்கூடையோடு ஒரு ஆயா வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தது. "யாருப்பா இங்க கடைசி?" என்றது. நாற்காலியில் இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை யார் கடைசி என்று அவர்களுக்கே தெரியவில்லை. ரெண்டு நிமிடம் பேசி அவர்களே முடிவு செய்துகொண்டு ஒரு பையன் கை தூக்கினான்.

டிரெய்லர் வண்டி

அண்ணே சூப்பர். அந்த சண்டை போட்ட ஆளு திரும்ப வந்தாரா?

ஜெராக்ஸ்கடை

வந்தார். ஆதார் கார்டின் பின்பக்கம் எடுக்க மறந்துவிட்டாராம்.

வாசல்படி

போர்டில் ஒரு குறை இருக்கிறது. கடையில் யாருமே இல்லாத நேரத்தில் வந்தால் கடைசி யார் என்று யாரைக் கேட்பது?

ஜெராக்ஸ்கடை

என்னைக் கேள். காலையிலிருந்து டீ வாங்கிட்டு வர ஒரு ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.